நாலாவது பூட்டு

இன்னும் நாப்பத்தெட்டு நிமிஷம் மூச்சு விடணும், வேற வேலை ஒண்ணும் கிடையாது. சும்மா விண்வெளி உடுப்புக்குள்ள கிடந்து ஆக்சிஜனை இழுத்து இழுத்து விடணும், ரத்தத்துல இருக்குற நைட்ரஜனெல்லாம் காலியாகணும், இல்லேன்னா வெளிய இறங்குனதும் கோலி சோடாவ உடைச்ச மாதிரி உள்ளுக்குள்ள குமிழி கிளம்பிரும். பூமிக்கு மேல சுத்துற இந்தக் கலங்கரை நிலையத்துல பதினொரு பேருக்குத்தான் வெளிவேலைக்கு அனுமதி, அதுல சின்னவ நான், ஜெனோவா கொரைரா, வயசு பதினெட்டு, வேகமான கையும் எனக்குத்தான். பெருமைக்குச் சொல்லல, பட்டியல்லயே போட்டிருக்கு, யாரும் போய்ப் பாத்துக்கலாம். சரி, பெருமைக்கும்தான் சொல்றேன். எதிர்ச் சுவத்துல நாயகண்ணன். கோமதிநாயகம்னு முழுப் பேரு, இருபத்திமூணு வயசு, போன ரெண்டு வருஷமா வெளிய எனக்கு ஜோடி அவன்தான். எங்க ரெண்டு பேரையும் ஆளுக்கொரு பட்டையில, கொடியில காயப்போட்ட சட்டை மாதிரி மாட்டி வச்சிருக்கு. நிலையம் ராட்டினம் மாதிரி சுத்துது, ஓரத்துல வீடு, பள்ளிக்கூடம், கான்டீன் எல்லாம் இருக்கு, அங்கன கொஞ்சம் எடை உண்டு, நடு அச்சுல இருக்குற இந்த அறையில அதுவும் கிடையாது. காதுக்குள்ள பெர்பெத்தக்கா குரல், உள்ள கட்டுப்பாட்டு அறையில உட்கார்ந்து எங்களைப் பாத்துக்கறது அந்த அக்கா, "ரெண்டு பேரும் தூங்கிராதிய, இன்னும் நாப்பத்தஞ்சு" அப்படிங்குது. தூக்கமா, எனக்கா. நான் காலையில இருந்து ஒரே ஒரு பூட்டையே நினைச்சுக்கிட்டு இருக்கேன். நாலாவது பூட்டு. போட்டேனா, போடலையா?

போட்டேன். போட்டிருப்பேன். நேத்து வெளிய போய் நீளக்கையோட நுனியில கால்தட்டைப் பொருத்துனது நான்தான். நீளக்கைன்னா துறைமுகத்துல நிக்கிற கிரேன் மாதிரி, முப்பது மீட்டர், அதோட நுனியில ஒரு தட்டு, இன்னிக்கு நாயகண்ணன் அந்தத் தட்டுல ஏறி நிப்பான், கையில பீரோ தண்டி பேட்டரிப் பெட்டி, நீளக்கை அவனைத் தூக்கி நிலையத்துக்கு அந்தப் பக்கம் சுத்திக் கொண்டு போய் விடும். தட்டுக்கு நாலு பூட்டு. ஒவ்வொரு பூட்டும் தட்டுக்கு அடியில இருக்கு, ஹெல்மெட்டை வச்சுக்கிட்டுக் குனிஞ்சா போடுறவளுக்கு அது தெரியாது, மணிக்கட்டுதான் சொல்லும், சாவியைப் போட்டுத் திருப்பும்போது கட்டக் கட்டக் கட்டக்னு மூணு தட்டு. மூணும் வந்தா வாயைத் திறந்து "போட்டாச்சு"ன்னு சொல்லணும். பக்கத்துல இருக்குற ஜோடி தட்டுக்கு அடியில குனிஞ்சு, பூட்டுமேல இருக்குற சிவப்புக் கோடு மறைஞ்சிருச்சான்னு பாத்து, திருப்பி "போட்டாச்சு"ன்னு சொல்லணும். ரெண்டு போட்டாச்சு கேட்டாத்தான் பெர்பெத்தக்கா உள்ள ஒரு டிக் அடிக்கும். தூத்துக்குடியில கப்பல்மேல கண்டெய்னர் கட்டுன ஆளுக இங்க வேலைக்கு வந்தப்ப கூடவே கொண்டு வந்த பழக்கம் இது, இப்ப நிலையத்துக்கே சட்டம். நேத்து நாலு பூட்டையும் பதினோரு செகண்டுல போட்டேன். போட்டாச்சு, போட்டாச்சு, போட்டாச்சு, போட்டாச்சு. "ஏ பிள்ள, கையா மிஷினா"ன்னு பெர்பெத்தக்காவே சொல்லிச்சு. ராத்திரி நிம்மதியாத்தான் தூங்குனேன். காலையில கான்டீனுக்குப் போனேன், அங்கதான் பிடிச்சுது சனி. அப்பா கல்லுமேல கொத்து பரோட்டா போட்டுக்கிட்டு இருந்தாங்க, கட்டக் கட்டக் கட்டக், கட்டக் கட்டக் கட்டக், ரெண்டு கரண்டி. வாயில பரோட்டாவை வச்சுக்கிட்டு என் மணிக்கட்டு தானா எண்ண ஆரம்பிச்சுது. ஒண்ணாவது பூட்டு, ஆமா, மூணு தட்டு. ரெண்டாவது, ஆமா. மூணாவது, ஆமா. நாலாவதுல ஒண்ணுமே இல்ல. வாய் சொன்னது ஞாபகம் இருக்கு, கை செஞ்சது ஞாபகம் இல்ல. பாதிப் பரோட்டாவை அப்படியே வச்சுட்டு எழுந்துட்டேன்.

இது எல்லாருக்கும் வர்றதுதான. வீட்டைப் பூட்டிட்டுப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு, பூட்டுனேனா இல்லையான்னு அம்மா திரும்பி ஓடுவாங்களாம், கீழ இருந்த காலத்துல, ஓடிப் போய்ப் பாத்தா பூட்டு திண்டுக்கல் பூட்டா ஜம்முனு தொங்குமாம். எப்பவும் பூட்டித்தான் இருக்கும். இதுவும் பூட்டித்தான் இருக்கும், நான் யாரு, என் கை என்ன கை. திரும்பவும் ஒரு தடவை எண்ணிப் பாக்குறேன். ஒண்ணாவது பூட்டு, அப்ப நான் நாயகண்ணனைக் கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தேன். அவனுக்குக் கோவில்பட்டியில பொண்ணு பேசி முடிச்சிருக்கு, செண்பகவல்லின்னு பேரு, முதல் தடவை வீடியோவுல பேசுனப்ப அந்தப் பிள்ள கேட்டிருக்கு, "அங்க தலை எந்தப் பக்கம் வச்சுப் படுப்பிய?" இவன் அதுக்குப் பதில் தெரியாம, "நீங்க சொல்லுற பக்கம்"னு சொல்லியிருக்கான். கல்யாணத்துக்கு இன்னும் மூணு மாசம் கிடக்கு, இப்பவே இப்படி. அதைச் சொல்லித்தான் நேத்து வெளிய சிரிச்சுக்கிட்டு இருந்தோம். அவன் சிரிக்கிறான், நான் திருப்புறேன், போட்டாச்சு. ரெண்டாவது, திருப்புறேன், போட்டாச்சு. மூணாவது. அப்பதான் சூரியன் வந்துச்சு. இங்க ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவை விடியும், பழகுன விஷயம்தான், ஆனா ஒவ்வொரு தடவையும் முகத்துல தண்ணி அடிச்ச மாதிரி இருக்கும். கண்ணாடியைக் கீழ இழுத்துவிட கை போச்சு. எந்தக் கை? வலது கை. சாவி வலது கையிலதான இருந்துச்சு? அப்ப சாவி இடது கைக்குப் போயிருக்கணும். இடது கையால நாலாவதைத் திருப்புனேனா, திருப்பப் போறேன்னு நினைச்சுக்கிட்டு வாய் முந்திருச்சா? என் வாய் முந்தக்கூடிய வாய்தான். சின்னதுல இருந்தே அது அப்படித்தான், டீச்சர் கேள்வியை முடிக்கிறதுக்குள்ள பதில் வந்து விழும், பாதி நேரம் சரியாவும் இருக்கும்.

"முப்பத்தொண்ணு"ன்னு பெர்பெத்தக்கா சொல்லுது. நாயகண்ணன் கண்ணை மூடிக்கிட்டு உதட்டை அசைக்கிறான், செண்பகவல்லிக்கு என்னத்தையோ மனப்பாடம் பண்றான் போல. நான் போய் அந்தப் பூட்டைத் தொட்டுப் பாத்துட்டா முடிஞ்சு போச்சு, யாருக்கும் தெரியவும் வேண்டாம். ஆனா இன்னிக்கு வரிசை வேற. முதல்ல அவன் இறங்குவான், நேரா தட்டுல ஏறுவான், நான் வாசல்லயே நின்னு பெட்டியை நீட்டணும், தட்டுப் பக்கம் எனக்கு ஜோலியே இல்ல. நான் முதல்ல போறேன்னு கேட்டா ஏன்னு கேப்பாங்க. கால் மரத்துப் போச்சுன்னு சொல்லலாமா? மரத்துப் போன காலோட எவன் வெளிய விடுவான். கையுறையைத் தட்டுக்கிட்ட விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லலாமா? கையுறை இல்லாம நேத்து எப்படித் திரும்பி வந்தன்னு கேப்பாங்க. ச்சே, பொய்யாவது ஒழுங்கா வருதா. கயிறு இருக்குல்ல, பாதுகாப்புக் கயிறு, அது அவனைப் பிடிச்சுக்காதா? அந்தக் கயித்தோட கொக்கியை மாட்டுறதும் அதே தட்டுலதான், தட்டு போனா கயிறும் கூடவே போகும். சரி, நாலாவது போடலன்னே வச்சுக்குவோம். மூணு இருக்கே. புத்தகத்துல தெளிவாப் போட்டிருக்கு, மூணு பூட்டு தாங்கும், நாலாவது சும்மா ஒரு தெம்புக்கு. நான் அந்தப் பாடத்துல நூத்துக்கு தொண்ணூத்தெட்டு. மூணு தாங்கும். அப்ப நான் வாயை மூடிக்கிட்டு இருந்தாலும் நாயகண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது, பெட்டி மாறும், சாயங்காலம் எல்லாரும் டீ குடிப்போம், நான் நாளைக்கு ஏதாவது சாக்குச் சொல்லி அந்தப் பக்கம் போய் நாலாவதைத் திருப்பிட்டு வந்துருவேன். ரொம்ப அழகான கணக்கு. இவ்வளவு அழகா இருக்கே, அதனாலயே எனக்குப் பிடிக்கல.

சொன்னா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும். வாயடைப்பு. கை செய்யாததை வாய் சொல்லிருச்சுன்னா அந்த வாய்க்கு நூறு நாள் மதிப்புக் கிடையாது. வெளிய போகலாம், வேலை செய்யலாம், ஆனா பேசுற பித்தான்மேல ஒரு மஞ்சள் மூடியைப் போட்டு ஒட்டிருவாங்க, நீ எத்தனை பூட்டுப் போட்டாலும் "போட்டாச்சு" சொல்றதுக்கு வேற ஒரு ஆள் வரணும். சண்டை கிடையாது, திட்டு கிடையாது, யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. அதுதான் தாங்காது. எனக்கு ஒன்பது வயசுல அப்பாவுக்கு மஞ்சள் மூடி போட்டாங்க. அப்பா அப்ப நிலையத்துலயே பெரிய கை, சூசை கொரைரான்னா எல்லாருக்கும் தெரியும். என்ன பூட்டு, எந்த இடம்னுகூட எனக்குத் தெரியாது, அவங்களாவே போய்ச் சொல்லிட்டாங்களாம். யாரு சொல்லச் சொன்னா? பள்ளிக்கூடத்துல பிள்ளைக என்னை "மூடி மூடி"ன்னு கூப்பிட்டுச்சுக, நான் ரெண்டு பேரைக் கடிச்சு வச்சேன், அப்பாவோட பத்து நாள் பேசல. நூறு நாள் முடிஞ்சு மூடியை எடுத்தாங்க, அதுக்கப்புறம் அப்பா வெளிய போகவே இல்ல. கான்டீனுக்கு மாத்திக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. இங்க எடை கம்மி, பரோட்டாவை வீசுனா அது மெள்ள மேல போய், மெள்ளச் சுத்தி, ஆற அமரக் கீழ வரும், அப்பா அது வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்பாங்க. பிடிச்சுத்தான் செய்றாங்களா, பயந்துதான் செய்றாங்களா, எனக்குத் தெரியல. வருஷா வருஷம் வெளிவேலைத் தேர்வை மட்டும் விடாம எழுதி அனுமதியைப் புதுப்பிச்சு வச்சுக்குவாங்க, எதுக்குப்பான்னு கேட்டா, "கிடக்கட்டும்"பாங்க. எனக்குப் பயமா இருக்கு. வெளியைப் பாத்து இல்ல, அங்க எனக்கு என்ன பயம், அது என் வீட்டு முற்றம். அந்த நூறு நாளுக்கு அப்புறம் நானும் ஏதாவது ஒரு கல்லுக்கு முன்னால அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னுருவேனோன்னுதான் பயம். அதுவும் போக, வெளிவேலை நாள்ல எங்க பேச்சைக் கான்டீன் ஸ்பீக்கர்ல போட்டு விடுவாங்க, ஊரே சாப்பிட்டுக்கிட்டே கேக்கும். நான் இங்க வாயைத் திறந்தா அப்பாவோட கல்லுக்குப் பக்கத்துல போய்க் கேக்கும்.

"பதிமூணு." நேரம் என்னத்தத் தின்னுக்கிட்டு இப்படி ஓடுது? நாயகண்ணன் கண்ணைத் திறந்து என்னையப் பாத்துச் சிரிக்கிறான், என்ன இன்னிக்கு வாய் இவ்வளவு நேரமா சும்மா இருக்குன்னு கேக்குறான், ஒடம்பு சரியில்லையாங்கான். ஒண்ணுமில்லண்ணே, நேத்தே எல்லாத்தையும் பேசிட்டேன்னு சொல்றேன். அவன் தட்டுல ஏறி நின்னு ஒரு போட்டோ எடுத்துத் தரணுமாம், பின்னால பூமி தெரியணுமாம், கோவில்பட்டிக்கு அனுப்பணுமாம், தொப்பையில்லாம எடுக்கணுமாம். உடுப்புக்குள்ள எல்லாருக்கும் தொப்பைதாண்ணே. அவன் நேரா நிக்கப் போறான், கேமராவைப் பாத்துக் கையைத் தூக்கப் போறான், காலுக்கடியில நான் சொன்ன நாலு போட்டாச்சு. நான் சொன்னதை நம்பி. புத்தகத்தை நம்பி இல்ல, அவன் அந்தப் புத்தகத்துல நாப்பத்தொண்ணு வாங்குனவன், மூணு தாங்கும்னே அவனுக்குத் தெரியாது. என் வாயைத்தான் நம்பி ஏறப் போறான். அந்த வாய் என்னடான்னா பதிமூணு நிமிஷமா, இல்ல முப்பத்தஞ்சு நிமிஷமா, கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கு. எனக்கே கோவம் வந்துச்சு. நான் பூட்டுப் போட மறந்தவளாவே இருந்துட்டுப் போறேன், மறந்ததைக் கணக்குப் போட்டு மறைச்சவளா இருக்க மாட்டேன், அது நான் இல்ல. பித்தானை அமுக்குனேன்.

"பெர்பெத்தக்கா, நேத்து நாலாவது பூட்டு நான் வாயால சொன்னேன். கை போட்டுச்சான்னு எனக்குத் தெரியல."

"யோசிச்சுச் சொல்லுட்டி," அப்படின்னுச்சு அக்கா, குரல் இறங்கியிருந்துச்சு, "நான் எழுதிட்டா அழிக்க முடியாது." யோசிச்சுட்டேன், காலையில இருந்து அந்த ஒரு வேலைதான் பாக்குறேன், எழுதிக்கோங்கன்னு சொன்னேன். சொன்னதும் ஒரு தெம்பு வந்துச்சு பாருங்க, மூக்கடைப்பு திறந்த மாதிரி. நாயகண்ணன் என்னைத் திட்டுவான்னு பாத்தேன், திட்டுனா நல்லா இருக்கும்னு இருந்துச்சு. அவன் சிரிப்பு போயிருந்துச்சு, கையுறைக் கையால ஹெல்மெட்டைத் தட்டிக்கிட்டே இருந்தான், சொறிய முடியாததைச் சொறியுற மாதிரி. பொறவு அவனும் பித்தானை அமுக்குனான். "நானும் குனிஞ்சு பாக்கலக்கா. ஒண்ணுலயும் பாக்கல. சிரிச்சுக்கிட்டே திருப்பிச் சொல்லிட்டேன்." பெர்பெத்தக்கா எங்க ரெண்டு பேர் பேருக்கும் ஆளுக்கொரு கோடு கிழிக்கிற சத்தம் கேட்டுச்சு. அதுவரைக்கும் மூச்சு விட்ட முப்பத்தஞ்சு நிமிஷமும் வீண், அறையைத் திறந்துட்டாங்க, ஒரு ஆள் வந்து எங்க ரெண்டு பேர் பித்தான்மேலயும் மஞ்சள் மூடியை வச்சு ஒட்டிட்டுப் போனான், என் முகத்தைப் பாக்காம. அக்கா சொல்லிச்சு, பெட்டி இன்னிக்கு மாறியாகணும், இல்லேன்னா ஒரு பக்கம் முழுக்க விளக்கு போயிரும், வேலை செய்றதுக்கு உங்க கை செல்லும், வாய் சொல்றதுக்கு மூணாவது ஆள் வேணும், மத்த ஜோடிகளெல்லாம் தூக்கத்துல இருக்கு, யாரை எழுப்பன்னு பாக்கேன். யாரையும் எழுப்பல. கதவு வழியா, எடையில்லாத இடத்துல எப்படி மிதக்கணும்னு ஒன்பது வருஷமா மறக்காத ஒரு உருவம், தலை முன்னால, கை பக்கத்துலன்னு நீந்தி வந்துச்சு. முழங்கை வரைக்கும் மைதா. ஸ்பீக்கர்ல கேட்டிருக்காங்க. அப்பா சுவத்துல மாட்டியிருந்த பழைய உடுப்பை எடுத்து, ஒவ்வொரு வளையமா விரலை விட்டுப் பாத்துப் பாத்து உள்ள ஏறுனாங்க. எனக்கு அழுகை வந்துச்சு, வரட்டும், எடையில்லாத இடத்துல கண்ணீர் கீழ விழாது, கண்ணுலயே கோழிமுட்டை மாதிரி உருண்டு நிக்கும், துடைக்கவும் முடியாது. அப்பாவுக்காக முதல்ல இருந்து திரும்ப ஆரம்பிச்சாச்சு. இன்னும் அம்பது நிமிஷம் மூச்சு விடணும். மூணு பேரும் விட்டோம். எனக்குச் சொல்றதுக்கு ஆயிரம் இருந்துச்சு, வாய்மேல மூடி இருந்துச்சு. அம்பது நிமிஷம் நான் பேசாம இருந்தது என் வாழ்க்கையிலயே அதுதான் முதல் தடவை. அப்பா ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பி, கட்டை விரலால தன்னோட பித்தானைக் காட்டுனாங்க. அதுல மஞ்சள் மூடி இல்ல. அம்புட்டுதான்.

வெளிய இறங்குனோம். நாயகண்ணன் கயித்தை வாசல்ல மாட்டிக்கிட்டு அங்கேயே நின்னான். நான் நீளக்கையைப் பிடிச்சுக்கிட்டு நுனி வரைக்கும் போனேன், அப்பா என் பின்னால, ரெண்டு கொக்கி, ஒண்ணை மாட்டாம இன்னொண்ணைக் கழட்டாம, என்னோட அவசரத்துல பாதிகூட இல்லாம. கீழ கடல் நீலமாக் கிடந்துச்சு, நான் பாக்கல. தட்டுக்குப் பக்கத்துல போனதும் அப்பா முட்டியை மடக்கி, மொத்த உடம்பையும் தட்டுக்குக் கீழ இறக்கித் தலையை அடியில கொடுத்தாங்க. அங்கேயே கிடந்தாங்க. ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குரல் வெளியில இருந்து என் காதுக்குள்ள வருது. "ஒண்ணாவது, போட்டிருக்கு." எனக்குத் தெரியும். அடுத்து நேரா நான் சொன்ன பூட்டுக்கே போனாங்க. "நாலாவது, போட்டிருக்கு. இறுக்கமா இருக்கு." என்னது? எனக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வந்துச்சு, அம்மாவோட திண்டுக்கல் பூட்டு, ஜம்முனு தொங்குது, நான்தான் போட்டிருக்கேன், என் கை என்ன கை, இதுக்கா நூறு நாள், இதுக்கா மஞ்சள் மூடின்னு. அப்பா இன்னும் வெளிய வரல. "மூணாவது, ஒரு தட்டுதான் திரும்பியிருக்கு." உடம்பை இன்னும் கொஞ்சம் உள்ள இழுத்து அடுத்ததைப் பாத்தாங்க. "ரெண்டாவது தெறந்து கிடக்கு."

ரெண்டாவது. காலையில இருந்து ஒரு தடவைகூட நான் சந்தேகப்படாத ரெண்டாவது. சூரியன் வந்தது நாலாவதுல இல்ல, ரெண்டாவதுல வந்திருக்கு, சாவி அங்கதான் கை மாறியிருக்கு, மூணாவதை இடது கையால தொட்டுட்டு விட்டிருக்கேன், நாலாவதுக்குள்ள கண்ணு சரியாகி ஒழுங்காத் திருப்பியிருக்கேன். மூணு தாங்கும்னு கணக்குப் போட்டேனே, மூணு எங்க இருந்துச்சு? இருந்தது ரெண்டு. திரும்பி வாசலைப் பாத்தேன். நாயகண்ணன் பேட்டரிப் பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னான், அவனுக்கும் எல்லாம் கேட்டிருக்கும், அவனாலயும் பேச முடியாது. கையைத் தூக்கிக் காட்டுனான். நான் சாவியை எடுத்தேன், வலது கையிலதான் இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கிட்டேன். முதல்ல ரெண்டாவதுல மாட்டித் திருப்புனேன். கட்டக். கட்டக். கட்டக். மணிக்கட்டு முழுக்கக் கேட்டுச்சு. வாய்க்குள்ள அந்த வார்த்தை உருண்டு வந்து பல்லுல முட்டி நின்னுச்சு, சொல்ல முடியல, சொன்னாலும் யாருக்கும் கேக்காது. இன்னும் நூறு நாள். நூறு நாளும் வெளிய வருவேன், ஒரு நாள் விட மாட்டேன், கான்டீன் பக்கம் சாப்பிட மட்டும்தான் போவேன். அப்பா குனிஞ்சாங்க. வீசுன பரோட்டா கீழ வர்ற வரைக்கும் அண்ணாந்து நிப்பாங்களே, அவ்வளவு நேரம் பாத்தாங்க.

"போட்டாச்சு"ன்னாங்க அப்பா.